காங் கிராமத்துக்குப் படப்பிடிப்புச் சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு

அயர்லாந்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கோடையில் வரப்போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. மேயோ கவுண்டியில், கால்வே எல்லையை ஒட்டி, காங் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. ஜான் வெய்னும் மொரீன் ஓஹாராவும் நடித்த ‘தி கொயட் மேன்’ படத்துக்காக ஜான் ஃபோர்டு 1951 கோடையில் இங்கே முகாம் போட்டார். படம் 1952இல் வந்தது, அவருக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரும் வந்தது. ஊர் இன்றுவரை அந்தப் பெயரில் பிழைக்கிறது. அதில் தப்பில்லை. அந்தப் பெயரைச் சொல்லி வெளியூரிலிருந்து பஸ் விடுகிறவர்களைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் படம் என்றால் உயிர். கால்வேயிலிருந்து கிளம்பும் மினிபஸ் சுற்றுலா ஒன்றுக்கு ஆளுக்கு 85 யூரோ கட்டினோம். படத்தில் வந்த அசல் குடிசை, பாலம், ரயில் நிலையம், குதிரைப் பந்தயம் நடந்த கடற்கரை, ஆஷ்ஃபோர்டு கோட்டை, எல்லாம் ஒரே நாளில், நுழைவுக் கட்டணம் உட்பட என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

காங்கில் இறக்கிவிட்டதும் ஓலைக்கூரை போட்ட வெள்ளை வீடு ஒன்றைக் காட்டி, “இதுதான் அந்த வீடு” என்றார் வழிகாட்டி. என் வீட்டுக்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “வீட்டு முன்னால் ஓடுமே ஓடை, தாண்டிப் போகிற கற்கள், அதெல்லாம் எங்கே?” என்று கேட்டார். ஓடையைத் திருப்பிவிட்டார்களாம்! அந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உள்ளே டிக்கெட் கொடுத்த அம்மாதான் உள்ளதைச் சொன்னார்: “இது படத்தைப் பார்த்து அதே மாதிரி கட்டிய அருங்காட்சியகம். அசல் வீடு மாம் பக்கம், கால்வே கவுண்டியில்.” அது தனியார் நிலத்தில், கூரை போய் இடிந்து கிடக்கிறது. மினிபஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அருங்காட்சியக டிக்கெட்டுக்கும் நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

அடுத்து, படத்தில் வரும் பப். “இதற்குள்தான் அந்தக் காட்சிகளை எடுத்தார்கள்” என்று ஒரே அளப்பு. படம் எடுத்தபோது அது மளிகைக் கடை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டி வெளியே மட்டும் எடுத்தார்கள். உள்காட்சிகள் ஹாலிவுட் ஸ்டுடியோவில் எடுத்தவை. அந்த இடம் நிஜமான பப் ஆனதே பல்லாண்டுகள் கழித்துத்தான். கோட்டை வளாகத்து வாசலில் மறுபடியும் தனிக் கட்டணம் கேட்டார்கள். “உட்பட” என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வழிகாட்டியைக் கேட்டேன், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பாலம், ரயில் நிலையம், கடற்கரை மூன்றும் “இன்று நேரமில்லை” கணக்கில் போயின. உண்மையில் என்றைக்குமே நேரம் இருக்காது. படத்தில் எல்லாம் ஒரே ஊர் மாதிரி தெரிகிறது, ஆனால் ஃபோர்டு பல இடங்களை ஒட்டி அந்த ஊரை உருவாக்கினார். பாலம் ஊக்டரார்டு தாண்டி மேற்கே. ரயில் நிலையம் பாலிக்ளூனின், அது கால்வேக்கு வடகிழக்கே. கடற்கரை லெட்டர்கெஷ், ரென்வில் பக்கம் அட்லான்டிக் ஓரத்தில். வரைபடத்தில் இந்த மூன்றையும் காங்கோடு குறித்துப் பாருங்கள், மாலை ஐந்துக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்கிறவரின் சாயம் வெளுத்துவிடும்.

காங்கைச் சுற்றிப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். 12ஆம் நூற்றாண்டு மடத்தின் இடிபாடு, ஆற்றுக்கு மேலேயே துறவிகள் கட்டிய மீன்பிடி வீடு, வெய்ன் ஓஹாராவைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலை எல்லாம் நடை தூரம்தான், இலவசம். அயர்லாந்தின் பெரும் பஞ்சகாலத்தில் நிவாரண வேலையாக வெட்டிய கால்வாய் ஒன்றும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் தரையில் தண்ணீர் இறங்கிவிடுவதால் கப்பலே போகாத கால்வாய். எனக்கு அன்று பிடித்தது அதுதான், அது எந்தப் படத்திலும் வந்ததாகத் தெரியவில்லை. பாலத்துக்கும் மாமுக்கும் கார் எடுத்துக்கொண்டு தனியாகப் போங்கள்.

பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர்களுக்கு: விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். “பயணத் திட்டம் மாறலாம்” என்று எங்களுக்குப் பதில் வந்தது. சரி, திட்டம் மாறலாம், போலி வீட்டை அசல் என்று விற்கலாமா? விவரித்தபடி சேவை இருக்க வேண்டும் என்று அயர்லாந்தின் 2022 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப, கேளுங்கள். அதுவும் ஆகாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்ற முறை இருக்கிறது, கட்டணம் 25 யூரோ, 2,000 யூரோ வரையுள்ள தொகைக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். சட்டத்தின் பெயரைப் போட்டு இரண்டாவது மெயில் அனுப்பியதும் எங்களுக்குப் பாதிப் பணம் வந்தது. மீதிக்கு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.