கையில் இடுப்பெலும்பு, திரையில் கருப்பை: செவிலியர் வகுப்புக்கு எது எவ்வளவு உதவும்?

இந்திய செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தின்படி உடற்கூறியல் முதல் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. மகப்பேறு நர்சிங்கோ ஆறாம் பருவத்தில்தான் தொடங்குகிறது. கல்லூரிக்குள் நுழைந்த சில மாதங்களில் அவசரமாகக் கற்ற இனப்பெருக்க மண்டலத்தை, இடையில் இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகு, பிரசவ அறையில் நின்றுகொண்டு மாணவர் நினைவுகூர வேண்டியிருக்கிறது. கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) பொருத்தும் வேலை அதற்கும் முன்பே வந்துவிடும். ஆகவே இந்தப் பாடத்துக்கு எந்தக் கருவி சிறந்தது என்று கேட்கும்போது, தேர்வில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பதை விட, நோயாளியின் உடலில் கை வைக்கும் நேரத்தில் எது நினைவுக்கு வரும் என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம். பழைய மாதிரி உருவங்கள், முப்பரிமாணச் செயலிகள், படம் வரையும் செயற்கை நுண்ணறிவு, உரையாடும் செயற்கை நுண்ணறிவு ஆகிய நான்கையும் அந்த அளவுகோலால்தான் இங்கே அளக்கிறேன்.

மாதிரி உருவங்களில் இன்றும் ஈடில்லாதது இடுப்பெலும்பும், சிசுவின் உருவில் செய்த துணிப் பொம்மையும்தான். இடுப்பின் நுழைவாயிலில் குறுக்களவு ஏறத்தாழ 13 செ.மீ., முன்பின் அளவு 11 செ.மீ.; வெளிவாயிலில் இவை இடம் மாறி முன்பின் 13, குறுக்கு 11 என்று ஆகிவிடுகின்றன. இதை அட்டவணையாக மனப்பாடம் செய்தவர் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார். பொம்மையின் தலையைத் தம் கையாலேயே நுழைத்து, இஸ்கியல் ஸ்பைன் என்னும், இடுப்பின் உள்நோக்கி நீண்ட எலும்பு முனைகள் இருக்கும் மட்டத்தில் அது இடிப்பதையும், முன்பக்கமாகத் திரும்பினால்தான் வெளியே வருவதையும் உணர்ந்தவருக்கு, பிரசவத்தில் தலை ஏன் சுழல்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திரையில் எந்த நுண்ணறிவு எவ்வளவு அழகாக விளக்கினாலும் இந்தத் தடுப்பைக் கை உணராது.

ஆனால் மென்மையான உறுப்புகள் என்று வரும்போது பிளாஸ்டிக் மாதிரி ஏமாற்றும். பெட்டியில் வரும் கருப்பை எப்போதும் 7.5 செ.மீ. நீளத்தில், ஒழுங்காக முன்சாய்ந்து, சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கருப்பை பின்சாய்ந்திருக்கும் என்பதையோ, சிறுநீர்ப்பை நிரம்பினால் அது நகரும் என்பதையோ அந்த மாதிரி காட்டாது. நாளை காப்பர்-டி என்னும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தக் கற்கப்போகும் செவிலியருக்கு இது சிறிய விஷயமன்று. கருப்பை சாய்ந்திருக்கும் திசை தெரியாமல் கருவியைச் செலுத்தினால் சுவர் துளைபடும் ஆபத்து கூடுகிறது. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த நர்சிங் கல்லூரிகளில் பதப்படுத்திய உறுப்புகளையாவது பார்க்கலாம். மற்றவர்களுக்கு அதுவும் அரிது.

மாதிரி உருவம் தடுமாறும் இடத்தில் முப்பரிமாணச் செயலிகள் வலுவாக நிற்கின்றன. கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. தொலைவில் கருப்பைத் தமனியின் அடியில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்நாளம் கடந்து செல்கிறது என்பதை எந்த ஆசிரியரும் கரும்பலகையில் திருப்தியாக வரைந்துவிட முடியாது. செயலியில் ஒவ்வொரு படலமாக நீக்கி, உருவத்தைச் சுழற்றிப் பார்த்தால் அது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கருப்பை அகற்றும் அறுவைக்குப் பின் விலாவலி வந்தாலும் சிறுநீர் குறைந்தாலும் ஏன் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் (அருகிலேயே செல்லும் அந்த நாளம் அறுவையில் காயப்பட்டிருக்கலாம்) என்பதும் அந்த ஒரு நிமிடத்திலேயே விளங்கும். இடது விரைச்சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேராமல் சிறுநீரகச் சிரையில் போய்ச் சேர்வதும், அதனால் வெரிகோசீல் (விரைப்பைச் சிரைகளின் வீக்கம்) பெரும்பாலும் இடப்பக்கமே வருவதும் அப்படித்தான்.

இந்தச் செயலிகளிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுண்டு: இது யாருடைய உடல்? எண்ணிம உடற்கூறியலுக்கு அடித்தளமிட்ட அமெரிக்காவின் ‘விசிபிள் ஹியூமன்’ திட்டத்தில் (இறந்தவரின் உடலை மெல்லிய அடுக்குகளாக்கிப் படமெடுத்த திட்டம்), 1994இல் வெளியான ஆணின் உடலில் ஒரு விரை ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. 1995இல் வெளியான பெண்ணுக்கு வயது 59. மாதவிடாய் நின்றுபோன சூலகத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மாதச் சுழற்சியைப் பாடம் நடத்துவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிற்காலச் செயலிகள் வேறு உடல்களையும் ஓவியர்களின் கைவண்ணத்தையும் சேர்த்துக்கொண்டன. ஆனாலும் பெரும்பாலானவை காட்டுவது ஒரே ஓர் இலட்சிய உடலைத்தான். சந்தா கட்டுவதற்கு முன் கல்லூரி செய்துபார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸ் வெளியே தெரியும் சிறு முனையோடு முடிவதில்லை, உள்ளே இரு கால்களாகவும் குமிழ்களாகவும் விரிந்து கிடக்கிறது என்பதை ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் 1998இலேயே விரிவாகப் பதிவு செய்துவிட்டார். செயலி அந்த முழு உருவத்தைக் காட்டுகிறதா, அல்லது ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறதா என்று பார்த்தால் அதன் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில், விந்தணு மூலச்செல்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கட்டுரை, மிட்ஜர்னி வரைந்த படத்துடன் ஃபிரான்டியர்ஸ் நிறுவனத்தின் இதழ் ஒன்றில் வெளியானது. அதிலிருந்த எலியின் பிறப்புறுப்பு உடலை விடப் பெரிதாக இருந்தது. பெயர்க்குறிப்புகள் எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குவியல்கள். சில நாள்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு இக்கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, எழுத்துகளும் இப்போது ஓரளவு சரியாக வருகின்றன; அதனாலேயே தவறு இன்னும் ஆபத்தாகிவிட்டது. சூலகத்தைக் கருப்பையோடு இணைக்கும் தசைநாரையும், இரத்தக்குழாய்களைச் சுமந்து இடுப்புச் சுவரிலிருந்து வரும் தசைநாரையும் இடம் மாற்றிக் குறித்த அழகான படம், முதல் பருவ மாணவரின் கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். போதாக்குறைக்கு, பிறப்புறுப்பு என்றாலே ஆபாசம் என்று எடுத்துக்கொண்டு பாடத்துக்கான படத்தையே வரைய மறுக்கும் வடிகட்டிகளும் உள்ளன. பாடநூல் படத்தைப் பார்த்து மாணவர் பென்சிலால் வரைவதே இதை விட மேல்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுதான் நின்று ஆராய வேண்டிய போட்டியாளர். இந்தப் பாடத்தில் மாணவர்களின் முதல் தடை உடற்கூறியலே அன்று, கூச்சம். ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் வகுப்பில், பெண்ணின் சிறுநீர்த் துவாரமும் பிறப்பு வாயிலும் வெவ்வேறு என்பதே தெரியாத ஒருவர் கையை உயர்த்திக் கேட்கவே மாட்டார். ப்ளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு போராடுகிறவருக்கு இரண்டாவது தடையும் உண்டு. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் இரவில் விடுதி அறையிலிருந்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அங்கே சிரிப்பவரும் இல்லை, முகம் சுளிப்பவரும் இல்லை. இந்த ஒரு நன்மைக்காகவே இதை வகுப்பிலிருந்து விலக்கிவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் அது தரும் விடை எந்த நூலிலிருந்து வந்தது என்பது மாணவருக்குத் தெரியாது. கருப்பையின் மேல்விளிம்பு தொப்புள் மட்டத்தை எட்டுவது எத்தனையாவது வாரத்தில் என்று கேட்டால், மேலைநாட்டு நூல்களின் வழக்கப்படி அது 20 என்று சொல்லக்கூடும். நம் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் மகப்பேற்று நூல்கள் 24 என்கின்றன. நான்கு வாரம் தள்ளிப்போனால், குழந்தையின் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்றோ தேதி தவறு என்றோ பிழையாகக் கணிக்க நேரும். இன்னொரு குறை அதன் இணக்க குணம்: மாணவர் தவறான ஒன்றை உறுதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னால், சில வேளைகளில் அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டுவிடும். வாய்மொழித் தேர்வில் எந்தப் பேராசிரியரும் அப்படி இறங்கிவருவதில்லை.

இவ்விரண்டு குறைகளையும் பெருமளவு குறைப்பது, நாம் கொடுக்கும் ஆவணங்களிலிருந்து மட்டும் விடையளிக்கும் நோட்புக்எல்எம் வகைக் கருவி. ஆசிரியர் தம் வகுப்புக் குறிப்புகளை அதில் ஏற்றினால், விடையோடு அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்பதையும் காட்டும். குறிப்பில் பிழை இருந்தால் பிழையையே அது திருப்பிச் சொல்லும். அந்தப் பொறுப்பு ஆசிரியருடையது. படங்களில் அம்புக்குறி எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதைப் படிப்பதில் அதை நம்ப முடியாது.

விளக்கம் கேட்பதைவிட, கேள்வி கேட்க வைப்பதில்தான் இக்கருவி அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். “எனக்கு விளக்காதே, நோயாளியின் நிலையைச் சொல்லி ஒவ்வொரு கேள்வியாகக் கேள்” என்று கட்டளையிட்டுப் பாருங்கள். பெண் நோயாளிக்குக் கதீட்டர் செலுத்தியும் சிறுநீர் வரவில்லை, அடுத்து என்ன செய்வாய் என்று அது கேட்கும். பெண்ணின் சிறுநீர்த்தாரை 4 செ.மீ.தான் என்றும், கதீட்டர் பிறப்பு வாயிலுக்குள் போயிருக்கலாம் என்றும், அதை அடையாளமாக அங்கேயே விட்டுவிட்டுத் தொற்று நீக்கிய புதிய கதீட்டரை எடுக்க வேண்டும் என்றும் மாணவர் தாமே சொல்லி வர வேண்டும். ஆண் நோயாளியானால் 18 முதல் 20 செ.மீ. நீளமும் அதிலுள்ள வளைவுகளும், முழுவதும் உள்ளே செலுத்திச் சிறுநீர் வந்த பிறகே, கதீட்டர் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பலூனை நிரப்ப வேண்டும் என்பதும் விடையில் வந்தாக வேண்டும்.

எனவே என் வரிசை இது: முதல் வகுப்பில் இடுப்பெலும்பும் பொம்மையும், அடுத்து ஆசிரியர் பெரிய திரையில் இயக்கிக் காட்டும் முப்பரிமாணச் செயலி, வகுப்புக்குப் பின் குறிப்புகளோடு கட்டிப்போட்ட உரையாடல் கருவி. ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறது என்றால் கல்லூரி இன்னும் சில இடுப்பெலும்பு மாதிரிகளை வாங்கட்டும். அறுபது பேர் ஒரே மாதிரியைச் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு எதுவும் தெரிவதில்லை, உரையாடல் கருவிகளின் இலவசப் பதிப்போ மாணவர்களின் கைபேசியில் ஏற்கெனவே இருக்கிறது. வார்டில் எடுத்த எந்தப் படத்தையும், முகம் தெரியாவிட்டாலும், அந்தக் கைபேசி வழியாக இக்கருவிகளில் ஏற்றக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.