சிசியா, பிசிசியா, ஃபார்வர்டா?

இருவருக்குள் போகும் ஒரு மெயில் மூன்றாவது ஆளுக்கும் தெரிய வேண்டும் என்றால் வழிகள் மூன்று. அவரை சிசியில் (CC, நகல்) போடலாம், எல்லோருக்கும் தெரியும்படி. பிசிசியில் (BCC, மறைநகல்) போடலாம், மற்றவர்கள் கண்ணில் படாதபடி. அல்லது மெயிலை அனுப்பி முடித்த பிறகு அவருக்கு மட்டும் தனியாக ஃபார்வர்ட் செய்யலாம். அலுவலகங்களில் போட்டி என்னவோ முதல் இரண்டுக்குள்தான். மூன்றாவதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டிய இடங்களில் என் ஓட்டு அந்த மூன்றாவதற்குத்தான்.

மெயில் சர்வரைப் பொறுத்தவரை டூ (To, நேரடியாகப் பெறுபவர்), சிசி, பிசிசி எல்லாம் ஒன்றுதான். யார் யாருக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற முகவரிப் பட்டியல் சர்வருக்குத் தனியாகப் போகிறது. அதைப் பார்த்துத்தான் பட்டுவாடா நடக்கிறது. மெயிலின் தலையில் தெரியும் டூ, சிசி வரிகள் படிப்பவர்களுக்காக எழுதப்படுபவை. பிசிசி ஆட்களின் பெயர் அங்கே எழுதப்படாமல் விடப்படுகிறது, அவ்வளவே. ஆகவே மூன்று கட்டங்களில் இருப்பவர்களுக்கும் ஒரே மெயில்தான் கிடைக்கிறது. வித்தியாசம் தொடங்குவது முதல் பதில் வரும்போது.

ஒருவர் ரிப்ளை ஆல் (எல்லோருக்கும் பதில்) அழுத்தினால் சிசியில் இருப்பவருக்கும் பதில் போகும். அடுத்த பதிலும் போகும், அதற்கடுத்ததும் போகும். பிசிசியில் இருந்தவருக்கோ முதல் மெயிலோடு கதை முடிந்தது. இதை யோசிக்காமல்தான் பலர் மேலாளரை பிசிசியில் வைக்கிறார்கள். இன்னொரு பிரிவோடு ஒரு தகராறு, நீங்கள் கொஞ்சம் காட்டமாக எழுதுகிறீர்கள், மேலாளர் பிசிசியில் இருக்கிறார். எதிர்த்தரப்பு மறுநாள் தன்மையாகப் பதில் எழுதி, தேதியையும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. மேலாளர் கையில் இருப்பது உங்கள் காட்டமான கடிதம் மட்டும். உங்களுக்குச் சாதகமான பாதி அவரிடம் போகவே இல்லை.

பெரிய ஆபத்து இதற்கு நேர்மாறானது. பிசிசியில் வந்த மெயில் என்று கவனிக்காமல் அவரே ரிப்ளை ஆல் அழுத்திவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படி நடக்கலாம் என்பது மெயில் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 ஆவணத்திலேயே, பாதுகாப்புப் பகுதியில், 2008-லேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: பிசிசி வரி நீக்கப்பட்டுவிடுவதால், தனக்கு மறைநகல் வந்திருக்கிறது என்பதற்குப் பெறுபவரிடம் நேரடி அடையாளம் எதுவும் இல்லை, தன் முகவரி மேலே காணவில்லை என்பதை வைத்து அவராகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் இப்போது எச்சரிக்கை காட்டுகின்றன. ஆனால் அவசரத்தில் போனைத் திறந்து பதில் தட்டுகிறவர் எச்சரிக்கையைப் படிப்பார் என்று நம்பி உங்கள் பெயரைப் பணயம் வைக்க முடியுமா? அப்படி வெளிப்படும்போது கெடுவது அவர் பெயர் அல்ல, உங்களுடையது.

ஃபார்வர்டில் இந்த விபத்துக்கு இடம் மிகக் குறைவு. ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் உங்களிடம்தான் வரும். “தகவலுக்காக மட்டும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்” என்று மேலே ஒரு வரி சேர்க்கவும் முடிகிறது; பிசிசியில் அந்த வசதி கிடையாது, அவர் எதற்காகத் தனக்கு வந்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதுதான். குறை என்றால், இரண்டாவது வேலை, மறந்துபோகும். ஃபார்வர்ட் செய்த மெயிலின் வாசகத்தை யாரும் திருத்திவிடலாம் என்பதால் சட்டப் பிரிவு, தணிக்கை போன்றவர்களுக்கு அசலையே இணைப்பாக அனுப்புவது நல்லது.

சிசிக்கு வருகிறேன். ஒளிவுமறைவு இல்லாதது என்பதாலேயே அது அப்பாவி என்று நினைக்க வேண்டாம். முதல் நினைவூட்டலிலேயே எதிராளியின் மேலாளரை சிசியில் சேர்ப்பது, எவ்வளவு பணிவாக எழுதினாலும், புகார்தான். வாசகத்தில் “தயவுசெய்து” மூன்று முறை வந்தாலும் அவர் படிப்பது சிசி வரியைத்தான். அதன்பிறகு அவர் எழுதும் பதில் உங்களுக்கானதாக இருக்காது, அவருடைய மேலாளருக்கான தற்காப்பு வாக்குமூலமாக இருக்கும். முதல் நினைவூட்டல் தனியாகப் போகட்டும். அடுத்ததில் மேலாளரைச் சேர்க்க நேர்ந்தால் காரணத்தை மெயிலுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்: “தேதி தள்ளிப்போனால் ஒப்புதல் தர வேண்டியவர் என்பதால் இவரையும் சேர்த்திருக்கிறேன்.” அந்த ஒரு வரி குத்தலைப் பெருமளவு எடுத்துவிடுகிறது.

இன்னொரு சிசி நோய், வேலை செய்ய வேண்டியவரை அங்கே போடுவது. சிசி என்றால் படித்தால் போதும் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். யாரிடமிருந்து பதில் வேண்டுமோ அவர் டூவில் இருக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை தனியாக.

பிசிசிக்கு நியாயமான இடமே இல்லையா? இருக்கிறது. மேலே குறையாகச் சொன்ன அதே குணம், அதாவது முதல் மெயிலோடு கழன்றுகொள்வது, சில இடங்களில் வரமாகிவிடுகிறது. ஒருவர் உங்களை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். “நன்றி, உங்களை பிசிசிக்கு மாற்றிவிட்டேன்” என்று எழுதிவிட்டு அப்படியே செய்தால், பேச்சு தொடங்கியது அவருக்குத் தெரியும். நீங்கள் இருவரும் சந்திப்பு நேரம் பேசி முடிக்கும் பத்து மெயில்கள் அவர் இன்பாக்ஸை நிறைக்காது. இங்கே ரகசியம் எதுவும் இல்லை, பகிரங்கமாகச் சொல்லிவிட்டுச் செய்கிறோம்.

பெரிய கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புவது அடுத்தது. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டுக்குள் சுமார் 13,000 பேர் கொண்ட பெட்லம் டிஎல்3 என்ற குழு முகவரிக்கு “என்னை இதிலிருந்து நீக்குங்கள்” என்று ஒருவர் மெயில் போட்டார். “நானும்” என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் போட, “ரிப்ளை ஆல் போடாதீர்கள்” என்று இன்னும் சிலர் அதையும் ரிப்ளை ஆலிலேயே போட, சர்வர்கள் திணறிவிட்டன. குழு முகவரியை பிசிசியில் வைத்திருந்தால் இந்தச் சங்கிலி அறுந்திருக்கும். ஒரு சங்கடம் உண்டு: குழு முகவரியை டூவிலோ சிசியிலோ தேடி மெயிலைத் தானாகப் பிரித்துவைக்கும் இன்பாக்ஸ் விதிகள் இப்படிப்பட்ட மெயிலைப் பிடிக்காமல் போகலாம். “இது எல்லா ஊழியர்களுக்கும் பிசிசியில் செல்கிறது” என்று முதல் வரியில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆனால் வெளியாட்களுக்கு, அதுவும் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு ரகசியம் என்றால், பிசிசியை நம்பக் கூடாது. டூ, சிசி கட்டங்களுக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. ஒரு கட்டம் தவறினால் எல்லா முகவரியும் எல்லோர் கையிலும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இதற்கு விதித்த அபராதங்களைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த அமைப்பு 2017-ல் 90 பேருக்கு அனுப்பிய மெயிலில் முகவரிகள் டூவில் போயின. அபராதம் 2 லட்சம் பவுண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதி பெற்ற 245 பேரின் முகவரிகளை 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் இதே வழியில் வெளியிட்டுவிட்டது. தாலிபான் கையில் அந்தப் பட்டியல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அபராதம் 3.5 லட்சம் பவுண்டு. எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 105 பேருக்கு அனுப்பியதில் 65 பேரின் பெயர் முகவரியிலிருந்தே தெரிந்தது. மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையை அவர்கள் முன்பே வாங்கியிருந்தார்கள் என்பதுதான் கொடுமை; இந்தப் பட்டியலை இன்னும் அதற்கு மாற்றவில்லை.

இங்கே சரியான போட்டியாளர் மெயில் மெர்ஜ். ஒவ்வொருவருக்கும் தனி மெயில், டூவில் அவர் ஒருவர் மட்டும். கைதவறிப் போட வேறு கட்டமே இல்லை. தயார் செய்ய நேரம் பிடிக்கும், பட்டியலில் ஒரு நெடுவரிசை இடம் மாறினால் ஒருவருக்கு இன்னொருவர் பெயரில் வணக்கம் போகும். அந்த அசட்டுத்தனம் பரவாயில்லை. ரகசியம் எதுவுமில்லாத சிறு பட்டியலுக்கு பிசிசியே போதும்.

தனக்கே ஆதாரம் சேர்க்க, அலுவலகத்துக்கு வெளியே உள்ள தன் சொந்த முகவரியை பிசிசியில் போடும் பழக்கமும் சிலருக்கு உண்டு. பிசிசி மறைப்பது பெறுபவர்களிடமிருந்து மட்டும்தான். உங்கள் சென்ட் ஃபோல்டரில் அந்தப் பெயர் தெரியும், நிறுவனத்தின் மெயில் நிர்வாகி பார்க்கும் பதிவுகளிலும் தெரியும். அலுவலகத் தகவலை வெளி முகவரிக்கு அனுப்புவதைப் பல நிறுவனங்களின் விதிகள் தடை செய்கின்றன. சேர்த்த ஆதாரமே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். விற்பனைப் பிரிவினர் வாடிக்கையாளருக்கு எழுதும்போது சிஆர்எம் மென்பொருளின் (வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதிந்துவைப்பது) முகவரியை பிசிசியில் போடுவது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம். மென்பொருள் ரிப்ளை ஆல் அழுத்தாது.