ஓபிடி ஸ்கேனரை நம்பி செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாமா?

பழைய சின்ன கார் தேடுகிற உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கூட அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. என் பையில் எப்போதும் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கணினி குறித்து வைத்திருப்பதைப் படித்துப் போனில் காட்டும் சின்னக் கருவி, கிடக்கும், அவ்வளவுதான் என் தகுதி. இதை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கிற காரணத்துக்காக அல்ல.

காரில் என்ன கோளாறு என்று நொடியில் சொல்லிவிடும் என்கிறது பெட்டி. சொல்லும்தான். ஆனால் இதே கருவி விற்கிறவரிடமும் இருக்கலாமே! ஒரு பட்டனைத் தட்டினால், ஒவ்வொரு கோளாறுக்கும் காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறு எண்கள் எல்லாம் அழிந்து, டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கும் அணைந்துவிடும். அப்புறம் நாம் போய்ச் செருகினால் 'கோளாறு எதுவும் இல்லை' என்றுதான் வரும். அந்த வரியைப் பார்த்ததும் பலர் முன்பணத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கருவி பிடித்ததற்குக் காரணமே வேறு. அழித்தவர் விட்டுப்போன தடமும் இதிலேயே தெரியும்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 ஊசித் துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் இதைச் செருக வேண்டும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டி என்றால் வேலைக்காகாமல் போகலாம். மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலும் இஎல்எம் 327 என்று போட்டிருப்பார்கள். அது ஒரு கனடா நிறுவனம் வடிவமைத்த சிப். முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் போலிகள் பெருகிவிட்டன. என்னுடையதும் நகல்தான். மெதுவாக இருக்கும், சில நேரம் போனோடு இணைப்பு அறுந்துவிடும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒரு மதிப்பெண் இதற்காகத்தான் போனது. ஐபோன்காரர்கள் சாதாரண புளூடூத் மாடலை வாங்கி ஏமாற வேண்டாம். வைஃபை அல்லது புளூடூத் எல்இ என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும்.

சரி, அந்தத் தடம் எங்கே? ஸ்கேனரோடு பேசும் போன் ஆப்பில் 'ரெடினஸ் மானிட்டர்' என்று ஒரு பக்கம் உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கசிவு என்று ஒவ்வொன்றையும் காரின் கணினி தானாகவே சோதித்துப் பார்த்து 'முடிந்தது' என்று குறித்து வைத்திருக்கும். கோளாறு எண்களை அழித்தால் இந்தக் குறிப்புகளும் சேர்ந்து போய்விடும். குளிர்ந்த நிலையில் கிளப்பி, நெரிசலிலும் ஓட்டி, நெடுஞ்சாலையிலும் சீராக ஓட்டிய பிறகுதான் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பல வண்டிகளுக்குச் சில நாள் ஆகும். தினமும் ஓடுகிற வண்டி என்று சொல்லப்படும் காரில் பாதி மானிட்டர்கள் 'முடியவில்லை' என்று காட்டினால் யாரோ சமீபத்தில் துடைத்திருக்கலாம். பல கார்களில், எண்களை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் தனியாகத் தெரியும். அங்கே 11 கிலோமீட்டர் என்று இருந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தங்கைக்காகப் பார்த்த வெள்ளை ஹேட்ச்பேக்கில் இப்படித்தான் இருந்தது. "பேட்டரி மாத்தினோம் மேடம், அதனாலதான்" என்றார் விற்றவர். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் இதெல்லாம் அழியும். "அப்படின்னா ஒரு வாரம் ஓட்டுங்க, திரும்ப வந்து பார்க்கிறோம்" என்றேன். ஒரு வாரம் கழித்து அழைத்தபோது போனையே எடுக்கவில்லை.

இன்னொரு பயன், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே கிடைப்பது. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். வண்டி இரவெல்லாம் நின்றிருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். கூலன்ட் மட்டும் 60 டிகிரி என்றால் நமக்கு முன்னாலேயே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் முதல் கிளப்பலின் தடுமாற்றமும், சைலன்சரிலிருந்து வரும் நீலப் புகையும் வெளிப்படும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. தொடர்ந்து வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெண்மை வெறும் நீராவி.

சூடான பிறகு கூலன்ட் பெரும்பாலான கார்களில் 85 முதல் 105 டிகிரிக்குள் நிற்கும். நல்ல ஓட்டத்திலும் 70-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணையும் பார்ப்பேன்; கணினி பெட்ரோல் அளவை வழக்கத்தைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஓட்டுகிறது என்பதை அது காட்டும். கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பிளஸ் 20 என்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் சரியாக வரவில்லை. மூன்று சிலிண்டர் சின்ன கார் நின்ற இடத்தில் கொஞ்சம் அதிர்வது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் பி0301, பி0302 என்று எண் வந்தால் அந்தந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள்.

இனி, இந்தக் கருவிக்குத் தெரியாதவை. பட்டியல் நீளம். ஓடோமீட்டரைத் திருத்தினார்களா என்று பெரும்பாலான கார்களில் சொல்லாது. கிளட்ச், சஸ்பென்ஷன், துரு, விபத்து, வெள்ளம், எதுவும் தெரியாது. மலிவு ரகம் ஏர்பேக் கணினியோடு பேசுவதும் அரிது. அதற்குக் கண்ணே போதும்: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அதுதான் எனக்கு எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட அதிகக் கவலை தருவது.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தையும் தடவிப் பாருங்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் மூலையில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கார் 2021 மாடல், டயர் 2023, மீட்டரிலோ 18,000 கிலோமீட்டர் என்றால் கணக்கு இடிக்கிறது. அந்த ஓட்டத்துக்குள் டயர் தேய்ந்திருக்கக் கூடாது. அப்படியே பிரேக் பெடல் ரப்பரையும் பாருங்கள், வழவழப்பாகியிருந்தால் சந்தேகம் உறுதி.

கிளட்சுக்கு ஒரே சோதனை. காலி இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. ஒரு தரம் செய்தால் போதும், அடுத்தவர் வண்டி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட் போகிறது.

வாங்கியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சொந்த வண்டியில் செருகி மறந்துவிடாதீர்கள், நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரியைக் குடித்துவிடும். அடுத்தவர் வண்டியில் 'அழி' பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், வாங்குவதற்கு முன் நமக்கு வேண்டிய சாட்சியை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும். செருகுவதற்கு முன் விற்கிறவரிடம் கேட்டுவிடுவேன். சிலர் மறுக்கிறார்கள், போலிக் கருவி கணினியைக் கெடுத்துவிடும் என்ற பயம் உண்மையாகவே சிலருக்கு உண்டு. அவர்களிடம், லிஃப்ட் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் என் செலவில் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்பேன். அதற்கும் முடியாது என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.