பட்டறையா, சொந்தத் திட்டமா: வன்னியில் படம் பிடிக்கப் பழகுவோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கமரா பழக ஆசைப்படும் இளம் பிள்ளைகள் ஒருவர் சொல்லித்தரும் பட்டறை, ஒரே இடத்தையோ விஷயத்தையோ தானாகவே தொடர்ந்து எடுத்துப் பழகும் சொந்தத் திட்டம், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

செலவு
பட்டறை: கட்டணம், அதோடு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ நடந்தால் பஸ் காசு.
திட்டம்: கையில் இருக்கும் போன் போதும்.

வேகம்
பட்டறை: துளை (வெளிச்சம் நுழையும் வாயின் அளவு), ஷட்டர் வேகம் (வெளிச்சம் எவ்வளவு நேரம் விழுகிறது என்பது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமராவின் உணர்திறன்) மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால் சட்டென்று பிடிபடும்.
திட்டம்: மெதுவாகத்தான் வரும்.

கண் பழக்கம்
இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, திட்டம்தான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை ஒரு வருடம் தொடர்ந்து எடுங்கள். மாரியில் வான்கதவு திறந்தால், பாயும் தண்ணீரை 1/1000 செக்கனில் துளித்துளியாக நிறுத்தலாம்; முக்காலியில் வைத்து 1/2 செக்கனில் பட்டுப்போல் ஓடவிடலாம். கோடையில் அதே கரை காலையில் ஒன்று, உச்சி வெயிலில் வேறொன்று. ஒருநாள் வகுப்பில் இது கிடைக்காது. ஆட்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டே எடுங்கள். போர் கண்ட ஊர் இது, கமராவைக் கண்டதும் மனம் கலங்குபவர்கள் இருக்கலாம்.

சரி, யாருக்கு எது? கலியாண வீடு எடுத்து உழைக்க நினைப்பவர் முதலில் பட்டறைக்குப் போகட்டும். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. தன் ஊரைப் பதிவு செய்ய விரும்புபவர் இன்றே திட்டத்தைத் தொடங்கி, தடக்குப்படும் விஷயத்துக்கு மட்டும் பட்டறை தேடலாம்.