ஃபூரியரா, லாப்லாஸா, மாறிகளைப் பிரிப்பதா?

ஒரு கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் வெப்பச் சமன்பாட்டைத் தீர்க்க ஃபூரியர் உருமாற்றம், லாப்லாஸ் உருமாற்றம், மாறிகளைப் பிரித்தல் என்ற இந்த மூன்று வழிகளையும் சொல்லித் தருவார்கள், எதை எப்போது எடுப்பது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். சமன்பாட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பதில் வராது. கம்பி எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

இரு பக்கமும் முடிவில்லாமல் நீளும் கம்பி என்றால் ஃபூரியர்தான், யோசிக்கவே வேண்டாம். இடத்தைப் பொறுத்து உருமாற்றினால் இரண்டாம் வகைக்கெழு காணாமல் போய், அலை எண்ணின் (அலை எவ்வளவு நெருக்கமாக ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) வர்க்கத்தால் பெருக்கி முன்னால் ஒரு கழித்தல் குறி போடுவதோடு வேலை முடிகிறது. மிஞ்சுவது காலத்தில் ஒரு முதல் வரிசைச் சமன்பாடு, அதை ஒரே வரியில் தீர்த்துவிடலாம். அலை எண் இரட்டிப்பானால் தேயும் வேகம் நான்கு மடங்கு, அதனால்தான் கூரான மேடுபள்ளங்கள் முதலில் மறைகின்றன. திருப்பி மாற்றினால் தொடக்க வெப்பநிலைக்கும் மணி வடிவக் காஸ் வளைவுக்குமான கன்வல்யூஷன், அதாவது ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கித் தொகையிடுவது, கிடைக்கும். இதையே காலத்தைப் பொறுத்து உருமாற்றும் லாப்லாஸாலும் செய்யலாம், ஆனால் இடத்தில் இரண்டாம் வரிசைச் சமன்பாடு அப்படியே மிஞ்சும். எதற்கு வீண் வேலை?

கம்பிக்கு ஒரு முனை மட்டும் இருந்தால் போட்டி சூடாகிறது. முனையின் வெப்பநிலை தெரிந்தால் ஃபூரியர் சைன் உருமாற்றம், வெப்பப் பாய்வு தெரிந்தால் கொசைன்; மாற்றிப் போட்டால் தெரியாத எல்லை மதிப்பு ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். முனையில் இரண்டும் கலந்த நிபந்தனை என்றால் இரண்டுமே நேராகப் பொருந்தாது. அங்கேயும், முனை வெப்பநிலை நேரத்தோடு மாறும் கணக்குகளிலும் நான் லாப்லாஸையே எடுப்பேன், அதுவும் கம்பி சுழிய வெப்பநிலையில் தொடங்கினால் ரொம்பச் சுலபம். சிக்கல் விடையைத் திருப்பி மாற்றும்போதுதான்: அட்டவணையில் விடை இல்லாவிட்டால் சிக்கலெண் தளத்தில் தொகையிட வேண்டும், வர்க்கமூலம் இருப்பதால் கிளை வெட்டு (தொகையிடும் பாதை கடக்கக் கூடாத கோடு) வேறு.

இரு முனையும் இருந்து, அவை சுழிய வெப்பநிலையில் வைக்கப்பட்டிருந்தால் மாறிகளைப் பிரித்து, அதாவது விடையை இடத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று எனப் பெருக்கலாக எழுதி, சைன் தொடர் எழுதுங்கள். நேரம் ஆக ஆக ஓர் உறுப்பே போதும், ஆனால் ஆரம்பக் கணங்களுக்கு நிறைய உறுப்புகள் வேண்டும். அங்கே மறுபடி லாப்லாஸ் கைகொடுக்கும்.

கம்பியின் கடத்துதிறன் இடத்துக்கு இடம் மாறினால்? ஃபூரியரில் அந்தப் பெருக்கல் கன்வல்யூஷனாகிவிடும், கையால் செய்வது கஷ்டம். கணினியில் வழி இருக்கிறது: வகைக்கெழுவை அலை எண் பக்கத்திலும் பெருக்கலை இடத்தின் பக்கத்திலும் செய்துவிட்டு மாறி மாறிப் போய் வரலாம். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965இல் வெளியிட்ட வேக ஃபூரியர் முறை (FFT) அதை மலிவாக்கிவிட்டது. ஒன்று மட்டும், அந்த முறை எல்லாவற்றையும் சுழற்சியாகவே எடுத்துக்கொள்ளும், வலது ஓரத்தில் வெளியேறும் வெப்பம் இடது ஓரத்தில் உள்ளே வந்து நிற்கும். அதனால் கணக்கிடும் புள்ளிகளின் கட்டத்தைத் தாராளமாக அகலமாக வையுங்கள்.