விலைச் சீட்டுக்கு அடியில் ஒரு தேதி

2024 செப்டம்பர் தள்ளுபடியில் 79 யூரோ கொடுத்து வாங்கிய டிரெயில் ஷூ (மலைப்பாதையில் ஓடுவதற்கான ஷூ), மூன்றாவது தடவை போட்டபோது, மஃபாத் மலைப் பள்ளத்தாக்குக்கு நடுவில் வைத்து வாயைப் பிளந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான இந்த ரெயூனியனில் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து இப்போதுதான் மலைப் பக்கம் கிளம்பியிருக்கும் பிள்ளைகள், அடுத்த தள்ளுபடிக்குக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை. கேட்டு இன்பாக்ஸுக்கும் வராதீர்கள். எந்தக் கடை என்பதைவிட எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் தப்பிக்கலாம்.

நான் பெரிய ஓட்டக்காரன் இல்லை. அக்டோபரில் சேன்-பியேரில் கிளம்பி இராத்திரி பகலாக 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி சேன்-தெனியில் வந்து விழுகிறார்களே, அந்த 'தியாகோனால் தே ஃபூ', அதை ரெதூத் மைதானத்தில் நின்று கைதட்டிப் பார்க்கிற கூட்டத்தில் நான் ஒருவன். மச்சான்தான் ஓடுவான். "கைதட்டினது போதும், இந்த வருஷம் மஃபாத்துக்குள்ள ரெண்டு நாள் வா, பாதி நடை, பாதி ஓட்டம்" என்று இழுத்தான். வீட்டில் இருந்தது ஜிம்முக்குப் போடுகிற ஷூ. சரி, தள்ளுபடி நேரம்தானே என்று கடைக்குப் போனேன். மெத்ரோபோலில், அதாவது ஐரோப்பாவில் இருக்கும் பிரான்ஸில், குளிர்காலத் தள்ளுபடி ஜனவரியில் வரும், நமக்குச் செப்டம்பரில். மலை ஓட்டப் போட்டிகளுக்கு முந்தின மாசம். அந்த நேரத்தில் கடையில் டிரெயில் ஷூ மலைபோல் குவிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கடைப் பையன் நல்ல மரியாதை. காலணியைக் கழற்றச் சொல்லி ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஏற்றினான். திரையில் என் பாதம் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. "முசியே, உங்கள் பாதம் உள்பக்கம் சாய்கிறது" என்றான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவன் மாதிரி நானும் பயந்து தலையாட்டினேன். எந்தப் பாதையில் போகிறேன், மழையா வெயிலா, ஆற்றைத் தாண்டுவேனா, இறக்கம் எவ்வளவு, இதில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு டிரெயில் ஷூ நமக்குச் சரியா என்பதைப் பாதையை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கண்ணாடிப் பலகைக்கு மஃபாத்தைப் பற்றி என்ன தெரியும்?

கொண்டுவந்த ஜோடி தண்ணீர் புகாத சவ்வு வைத்தது. "ரெயூனியன் மழைக்கு இதுதான்" என்றான். 149 யூரோ என்று அடித்து 79 போட்டிருந்தது. காலை பத்து மணி, காலில் ஆபீஸ் சாக்ஸ், அளவு 42. பெருவிரல் நுனியில் லேசாக முட்டியது. சொன்னேன். "போகப் போக இளகும்" என்றான். தோல் செருப்பு என்றால் இளகும். இது செயற்கை வலைத்துணி, அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், நீளத்தில் ஒரு நூல்கூட வளராது. இது தெரிந்தும் தலையாட்டியது என் தப்பு. 70 யூரோ மிச்சம் என்கிற கணக்கு கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டு தடவை வீட்டுப் பக்கம் போட்டு ஓடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தார் ரோட்டில் தெரியாது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மச்சான் பெண்சாதி எங்களை சலாசி வழியாகக் கொண்டுபோய் கோல் தே பெஃப் கணவாய் மேலே விட்டுவிட்டுத் திரும்பினாள். இங்கே வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மஃபாத்துக்குள் கார் ரோடு கிடையாது. உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன, கடை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, எல்லாச் சாமானும் ஹெலிகாப்டரில் வரும். மனுஷன் நடந்து போக வேண்டும், நடந்து வர வேண்டும். உள்ளே போய் ஷூ போச்சு என்றால் ஆட்டோ கூப்பிட முடியாது.

கோல் தே பெஃபிலிருந்து மஃபாத்துக்குள் இருக்கும் லா நூவெல் ஊர் வரை இறக்கம். மரக்கட்டை பதித்த படிகள், ஈரமான வேர், நடுவில் தமரேன் மரங்கள் நிற்கிற சமவெளி. அழகான இடம்தான், ஆனால் நான் பார்த்தது என் காலை மட்டும். ஒவ்வொரு படிக்கும் பெருவிரல் போய் ஷூ முனையில் இடித்தது. இறக்கத்தில் உடம்புக் கனம் முழுக்க முன்னால் தள்ளும், அதனால்தான் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும் என்பார்கள். அன்று சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் இரண்டு பெருவிரல் நகமும் கத்திரிக்காய் நிறம். பிறகு இரண்டும் விழுந்துவிட்டன.

மறுநாள் அடுத்த ஊரான மார்லாவுக்குப் போகிற பாதையில் கலே ஆற்றைத் தாண்ட வேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கு மேல். தண்ணீர் புகாத ஷூ என்றானே, கணுக்கால் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை. மச்சானின் சாதா வலை ஷூ நாலு எட்டு வைத்ததும் தண்ணீரைக் கக்கிவிட்டது. நான் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி சளக் சளக் என்று போனேன். கரையேறி இருநூறு அடி போயிருப்பேன், இடது காலில் 'சப்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் அதே சத்தம். குனிந்து பார்த்தால் சோலின் முனை தொங்குகிறது. கையால் லேசாக இழுத்தேன், குதிகால் வரை உரிந்து வந்தது. பலாச்சுளையை உரிக்கிறதுகூட இதைவிடக் கஷ்டம். உள்பக்கம் பசை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தூள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

மச்சான் பார்த்துவிட்டு, "என்னடா, உங்க தாத்தா பூட்ஸே தேவலாம் போலிருக்கே" என்றான். தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். இந்தோசீனாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருடைய பூட்ஸ் காரைக்கால் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. தோல் வெடித்துவிட்டது, சோல் அசையவில்லை. அது ஆணி அடித்துத் தைத்தது. இந்தக் காலத்து ஓட்ட ஷூவில் ஆணியும் இல்லை, தையலும் இல்லை. நுரையும் ரப்பரும் பசையால் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பசை செத்தால் ஷூ செத்தது.

பையிலிருந்த கயிற்றை எடுத்து சோலைச் சேர்த்துக் கட்டி மார்லா வரை போனேன். அங்கே ஒரு வீட்டில் பார்சல் ஒட்டுகிற அகல டேப் கொடுத்தார்கள். சுற்றுச் சுற்றாக ஒட்டினேன். பல் இருந்த சோல்மேல் வழவழ டேப், எதிரே 2,081 மீட்டர் தைபித் கணவாய். ஏறியதுகூடப் பரவாயில்லை. அந்தப் பக்கம் சிலாவோஸ் ரோடு வரை எண்ணூறு மீட்டருக்கு மேல் இறக்கம், அதில் மூன்று தடவை உட்கார்ந்தபடி சறுக்கினேன். ஒரு தடவை சறுக்கிய இடத்தில் வலது பக்கம் வெறும் பள்ளம். அதைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைத் தூக்கிப் போடப் போனவன், நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பார்த்தேன். பார்கோடும் விலையும் போட்ட வெள்ளைச் சீட்டு. எல்லாக் கடையிலும் பெட்டியில் ஒட்டுவார்கள், இங்கே ஷூவுக்குள் ஒட்டியிருக்கிறதே என்று நகத்தால் கிளப்பினேன். அடியில் கம்பெனி லேபிள். அளவு, தயாரித்த நாடு, கீழே பொடி எழுத்தில் 03/19. நான் வாங்கியது 2024 செப்டம்பர். ஐந்தரை வருஷம். அளவைக்கூட மறைக்காமல், சரியாக அந்தத் தேதிமேல் வருகிற மாதிரி சீட்டின் ஓரம் உட்கார்ந்திருந்தது. தற்செயல் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் நினைக்கவில்லை.

புதுசுதானே, பெட்டியில்தானே இருந்தது என்று கேட்கலாம். பெட்டியில் இருந்தாலும் வயசாகும். பசை சூட்டிலும் ஈரத்திலும் பலம் இழக்கும். நடு சோலில் பாலியூரித்தேன் இருந்தால் காற்று ஈரமே அதைத் தின்று, ஒருநாள் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஈவிஏ நுரை நொறுங்காது, ஆனால் வருஷம் ஆக ஆக இறுகி, குதிக்கிற குணம் போய்விடும். இது எங்கே வைத்திருந்த சரக்கு? கப்பலில் கண்டெய்னரில் வந்து, தகரக் கூரைக் கிடங்கில் இங்கத்திய ஜனவரிப் புழுக்கத்தை ஐந்து தடவை பார்த்த சரக்கு.

கடைக்குப் போனேன். பையன் இல்லை, பொறுப்பாளர் அம்மா இருந்தார். "போட்டுப் பயன்படுத்திவிட்டீர்கள், அதுவும் தள்ளுபடிச் சாமான், மாற்ற முடியாது" என்றார். சுவரில் அப்படி ஒரு அட்டையும் மாட்டியிருந்தது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்த அட்டை அளவு பிடிக்காதவனுக்கு, நிறம் பிடிக்காதவனுக்கு. கடையில் நேரில் போய் வாங்கினால் மனசு மாறியதற்காகத் திருப்பித்தரச் சட்டப்படி உரிமை கிடையாது, கடை இஷ்டம். 14 நாள் என்று எல்லோரும் சொல்வது இணையத்தில் வாங்குவதற்கு. ஆனால் சாமானே பழுது என்றால் கதை வேறு. கரந்தி லேகால் தே கோன்ஃபோர்மித்தே என்று சட்டமே தருகிற உத்தரவாதம் இருக்கிறது, வாங்கியதிலிருந்து இரண்டு வருஷம். தள்ளுபடியில் வாங்கினாலும் அது போகாது. புதுச் சாமானில் அந்த இரண்டு வருஷத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று கடைக்காரன்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் பழுது பார்த்துத் தரவோ வேறு தரவோ கேட்க வேண்டும், 30 நாளில் செய்யாவிட்டால் பணத்தைக் கேட்கலாம். கம்பெனிக்கு எழுதுங்கள் என்று தட்டிக்கழிக்க முடியாது, விற்றவர்தான் பொறுப்பு.

என் அளவுக் கதையும் நகமும் என் தலையெழுத்து, அதற்குச் சட்டம் எதுவும் செய்யாது. சோலுக்கு மட்டும் கடிதம் எழுதினேன். ரசீது நகல், பிரிந்த சோல் படம், சீட்டைக் கிளப்பிய படம், எல்லாம் வைத்து ரெக்கொமாந்தே, அதாவது பதிவுத் தபால். அரசாங்கத்தின் சிஞ்ஞால்கோன்சோ தளத்திலும் புகார் போட்டேன், அது இலவசம். முதலில் 79 யூரோவுக்குக் கடைச் சீட்டு தருகிறோம் என்றார்கள். அதே கடையில் இன்னொரு ஷூ வாங்கவா? மாட்டேன் என்றேன். நவம்பர் கடைசியில் கார்டுக்கே பணத்தைப் போடுகிறோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று போன் வந்தது.

இப்போது மச்சான் கூட வந்து, வேறு இடத்தில், சாயங்காலம், மலைக்குப் போடும் அதே தடிச் சாக்ஸோடு 43 வாங்கியிருக்கிறேன். கால் சாயங்காலம் வீங்கித்தான் இருக்கும், ஓட்டத்திலும் வீங்கும். அவன் பார்க்கிற முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் நாக்கின் லேபிள். எல்லா பிராண்டிலும் தேதி இருக்காது, ஆனால் பலதில் இருக்கிறது. அப்புறம் ஷூவை முனையில் வளைத்து, ரப்பர் நுரையோடு சேருகிற கோட்டில் மயிரிழை பிளவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். கட்டைவிரலால் நுரையை அழுத்தினான். கடைசியாக சோல் ரப்பரில் நகத்தைப் பதித்தான். பல் எவ்வளவு நீளம் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளப் பல் கெர்வெகேன் மலைப்பாதை மாதிரி சேற்றுக்கு. 'ஷமேன் தேஸாங்க்ளே' என்கிற கல் பதித்த பழைய பாதைப் பக்கம் போனால் வழுவழு கருங்கல், மழை பெய்தால் எண்ணெய் தடவினாற்போல். அங்கே பல் ஒன்றும் செய்யாது, ரப்பர் மென்மையாக இருந்து கல்லைக் கவ்வினால்தான் உண்டு. எரிமலைப் பக்கம் க்ராத்தோன் என்கிற கரடுமுரடான எரிமலைக் கல் கிடக்கும் இடத்தில் அதே மென்மையான ரப்பரை அந்தக் கூர்க் கற்கள் சீவித் தள்ளிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ என்று யாராவது சொன்னால் அவன் மலைக்குப் போனதில்லை. மெத்ரோபோல் இணையக் கடையில் மலிவு என்று போகிறவர்கள் தீவுக்கு வரும் சரக்குக்குப் போடுகிற ஒக்த்ருவா தே மேர் வரியையும், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் தபால் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கையெழுத்துப் போடப் போன அன்று பணம் வாங்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு கூடை வைத்திருந்தார்கள். அதே ஷூ, அதே நிறம், விலை 49. அளவு 42 ஒன்றை எடுத்து நாக்கைப் புரட்டினேன். அதே இடத்தில் அதே வெள்ளைச் சீட்டு. ஓரத்தைக் கிளப்பினேன், 03/19. அந்தப் பையன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நான் சீட்டைத் திரும்ப ஒட்டவில்லை. கூடையில் மேலாகக் கிடந்த ஏழெட்டு ஜோடியிலும் அதையே செய்துவிட்டு, நாக்கை வெளியே இழுத்துவிட்டு வந்தேன்.