லான்சரோட்டேயில் எந்த ஊரில் தங்குவது? காற்றையும் காரையும் வைத்து முடிவெடுங்கள்

மொராக்கோ கரைக்கு மேற்கே சுமார் 130 கி.மீ. தள்ளி அட்லாண்டிக்கில் இருக்கும் லான்சரோட்டே, ஸ்பெயினின் எரிமலைத் தீவுகளில் ஒன்று. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே 150 மி.மீ.தான் தேறும். ஜனவரியிலும் பகலில் 20, 21 டிகிரி இருக்கும். வெயில் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்று ஊர்களில்தான் தங்குகிறார்கள்: புவெர்ட்டோ டெல் கார்மென், ப்ளாயா ப்ளாங்கா, கோஸ்டா டெகீஸே.

விளம்பரப் படங்களில் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. வெள்ளைச் சுவர், பச்சை அல்லது நீலக் கதவு, தாழ்வான கட்டடங்கள். ஓவியரும் சிற்பியுமான சேசர் மன்ரீக்கே (1919–1992) அடுக்குமாடி ஓட்டல்கள் தீவை விழுங்கிவிடாமல் இருக்கப் போராடியதன் பலன் அது. ஆகவே படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது வீண். காற்று எப்படி, கார் எடுக்கப் போகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

முதலில் காற்று

இங்கே வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில்தான் காற்று அதிகம் என்று நினைத்து ஜூலையில் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அது உச்சத்தில் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் தணிந்துவிடும். கடல்நீரும் அப்போதுதான் 22, 23 டிகிரிக்கு வரும். பிப்ரவரி, மார்ச்சில் அதே கடல் 18, 19 டிகிரி. சிறு பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள்.

காற்றின் குணத்தைப் புரிந்துகொள்ள லா ஹெரியா திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தால் போதும். 1730 முதல் 1736 வரை நீடித்த எரிமலை வெடிப்பு அந்தப் பக்கத்து விளைநிலங்களைக் கறுப்புச் சாம்பலில் மூடிவிட்டது. விவசாயிகள் அந்தச் சாம்பலைத் தோண்டி, அடியில் இருக்கும் பழைய மண்ணைத் தொட்டு, பெரும்பாலும் குழிக்கு ஒரு கொடியாக நட்டார்கள். சில குழிகளுக்குள் ஆள் நின்றால் தலை தெரியாது. குழியின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு சுவர் இருக்கும். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. சுவர் நிற்கும் பக்கம்தான் காற்று வரும் பக்கம். ஓட்டல் பால்கனிக்கும் இதே கணக்குதான். தெற்கோ தென்மேற்கோ பார்த்த அறை என்றால் மாலையில் வெளியே உட்காரலாம். வடகிழக்கு பார்த்த அறையில் காயப்போட்ட துண்டுகூட நிற்காது. முன்பதிவு செய்யும்போது 'கடல் தெரியுமா' என்பதோடு 'எந்தத் திசை' என்றும் கேளுங்கள்.

மூன்று கரைகள்

கோஸ்டா டெகீஸே கிழக்குக் கரையில் இருப்பதால் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது. அங்குள்ள பெரிய கடற்கரையான லாஸ் குச்சாராஸ் பாய்ச்சறுக்குக்காரர்களுக்கு (விண்ட்சர்ஃபிங்) சொர்க்கம்; சர்வதேசப் போட்டிகளே நடந்திருக்கின்றன. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. மணலில் படுத்து வெயில் காய வருகிறவர்களுக்கு ஜூலை மதியத்தில் அதே இடம் பெரும் தொல்லை. மணல் பறந்து காலில் குத்தும். அலைத்தடுப்பு போட்டு அடைத்த ஹப்லீயோ என்ற சின்னக் கரை பக்கத்திலேயே இருக்கிறது. நீர் குளம்போலக் கிடக்கும். பாறை ஓரங்களில் மீன்கள் தெரியும். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு நீந்தப் பழகும் பிள்ளைகளுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல இடம் குறைவு.

புவெர்ட்டோ டெல் கார்மென் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. ஊரின் முதுகெலும்பு அவெனீடா டெ லாஸ் ப்ளாயாஸ் என்ற நீண்ட கடற்கரைச் சாலை: ஒரு பக்கம் மணல், மறுபக்கம் வரிசையாகக் கடைகளும் உணவகங்களும். ப்ளாயா கிராண்டே அகலமானது, சாய்வு மெதுவானது. லோஸ் போசீயோஸ் இன்னும் அகலம்; ஆனால் திறந்தவெளி என்பதால் காற்று அங்கே கூடுதல். மத்தகோர்தா பக்கம் மலிவான அறைகள் கிடைத்தால் காரணத்தை யோசியுங்கள். வடகிழக்குக் காற்றை எதிர்த்து இறங்க விமானங்கள் வழக்கமாகத் தென்மேற்கிலிருந்துதான் வரும். மத்தகோர்தா ஓடுபாதைக்கு மிக அருகே. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளாயா சீக்கா, ஆழ்கடல் முக்குளிப்பவர்களின் இடம். கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினாலே தரை சரிந்து பாறைச் சுவராக இறங்கிவிடும். படகே தேவையில்லை என்பதால் செலவும் மிச்சம்.

ஒரு குறையை அறை எடுக்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் மலைச்சரிவில் ஏறுகிறது. வரைபடத்தில் 'கடற்கரைக்கு 400 மீட்டர்' என்று இருந்தால் அது பெரும்பாலும் செங்குத்தான 400 மீட்டர். தள்ளுவண்டியில் குழந்தையோ, முட்டிவலியுள்ள பெரியவர்களோ கூட வந்தால், அவெனீடாவை ஒட்டிய அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே நல்லது.

ப்ளாயா ப்ளாங்கா தீவின் தென் முனை. ஊருக்குள் இருக்கும் டோராடா, ஃபிளமிங்கோ கரைகளில் அலைத்தடுப்பு இருப்பதால் நீர் அமைதியாக இருக்கும். ஆனால் இந்த ஊரின் உண்மையான சொத்து கிழக்கே இருக்கும் பாபகாயோ கரைகள். கட்டடமே இல்லாத பாதுகாக்கப்பட்ட நிலத்தில், பாறைச் சரிவுகளுக்கு நடுவே அடுத்தடுத்து ஒளிந்திருக்கும் குடாக்கள். முதலில் வருவது முஹேரெஸ், நீளமானது. பாபகாயோ குடா குதிரை லாட வடிவம். மூன்று பக்கமும் பாறை என்பதால் மற்ற இடங்களில் காற்று அடிக்கும் நாளிலும் இங்கே நீந்தலாம். கடல் ஏற்றத்தில் மணல் பாதியாகச் சுருங்கிவிடும். ஏற்ற இறக்க நேரம் பார்த்துப் போகாதவர்கள் துண்டு விரிக்க இடம் தேடுவார்கள்.

அங்கே போகும் பாதை மண் பாதை, குலுக்கல் அதிகம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலைக்குக் காப்பீடு கிடையாது. டயர் கிழிந்தாலும் அடிப்பாகம் அடிபட்டாலும் செலவு உங்கள் தலையில். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் லாஸ் கொலொராதாஸ் வரை நடைபாதையில் போய், அங்கிருந்து மேட்டுப் பாதையில் நடக்கலாம். ஏறக்குறைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வழியில் நிழலே இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் மூடிய செருப்பும் வேண்டும். காற்றில் வெயில் உறைக்காது, தோல் மட்டும் கருகிவிடும். சன்ஸ்கிரீனை மறந்துவிட வேண்டாம்.

கார் உண்டா, இல்லையா

கார் எடுக்கவில்லை என்றால் புவெர்ட்டோ டெல் கார்மென்தான். விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம். 161ஆம் எண் பேருந்து விமான நிலையத்தைத் தொட்டுக்கொண்டு இந்த ஊர் வழியாகவே ப்ளாயா ப்ளாங்காவரை போகிறது. தலைநகர் அர்ரெசிஃபேக்கு அடிக்கடி பேருந்து உண்டு. கோஸ்டா டெகீஸேக்குப் பேருந்தில் போகிறவர்கள் அர்ரெசிஃபேயில் மாறிப் போகலாம். இங்கே பேருந்தை 'குவாகுவா' என்பார்கள். நிறுத்தத்தில் கை காட்டினால்தான் நிற்கும்.

கார் உண்டென்றால் எந்தப் பக்கம் அதிகம் சுற்றப்போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். தென்மேற்கில் டிமான்ஃபாயா தேசியப் பூங்கா, ஹனூபியோ உப்பளம், எல் கோல்ஃபோவின் பச்சைக் குளம் எல்லாம் ப்ளாயா ப்ளாங்காவுக்குக் கிட்டத்தில். வடக்கே ஹமேயோஸ் டெல் அகுவா எரிமலைக் குகை, குவேவா டெ லோஸ் வெர்தெஸ் குகை, கள்ளித் தோட்டம், மிராதோர் டெல் ரீயோ என்ற மலையுச்சிக் காட்சிமுனை எல்லாம் கோஸ்டா டெகீஸேயிலிருந்து எளிது. ப்ளாயா ப்ளாங்காவிலிருந்து மிராதோர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தபின் மேகம் மூடிக்கொண்டால் எதிரே இருக்கும் லா கிராசியோசா தீவின் சுவடே தெரியாது. வானத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

டிமான்ஃபாயாவுக்கு எந்த ஊரிலிருந்தும் பொதுப் பேருந்து கிடையாது. உள்ளே சொந்தக் காரில் சுற்றவும் முடியாது. நுழைவுக் கட்டணத்தில் அடங்கிய பூங்காப் பேருந்தில்தான் எரிமலைப் பாதையைப் பார்க்கலாம். மேலே கார் நிறுத்தும் இடம் சிறியது. ஒரு கார் இறங்கினால்தான் ஒரு கார் ஏறும். பத்து மணிக்கு மேல் போனால் கீழே வரிசையில் காத்திருக்க நேரிடும். ப்ளாயா ப்ளாங்காவில் தங்கினால் பூங்கா திறக்கும்போதே வாசலில் இருக்கலாம். வடக்கே தங்குகிறவர்களுக்கு அது கஷ்டம்.

ப்ளாயா ப்ளாங்கா துறையிலிருந்து ஃபுவெர்த்தெவெந்தூரா தீவின் கொரலேஹோவுக்குப் படகில் அரை மணி நேரப் பயணம். வாடகைக் காரையும் ஏற்றிக்கொண்டு போக நினைத்தால், கார் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

யாருக்கு எது

கைக்குழந்தையோடு போகிறவர்கள், அமைதி வேண்டுகிறவர்கள் ப்ளாயா ப்ளாங்கா போகலாம். ஆனால் ஊர் பல கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. பெச்சிகேரா கலங்கரை விளக்கப் பக்கத்து வில்லாக்கள் மலிவாகத் தெரியும். கார் இல்லாமல் அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது. முதல் முறை போகிறவர்கள், இரவில் நடமாட்டம் வேண்டுகிறவர்கள், பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் புவெர்ட்டோ டெல் கார்மெனின் சமதளப் பகுதியில் தங்கலாம். இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கேதான் அதிகம். கோஸ்டா டெகீஸேயைக் காற்றை விரும்புகிறவர்களுக்கும் வடக்கை ஆசைதீரப் பார்க்க நினைப்பவர்களுக்கும் மட்டுமே நம்பிச் சொல்லலாம்.

சைவர்களுக்கு மூன்று ஊரிலும் கைகொடுப்பது பாபாஸ் அர்ருகாதாஸ்: தோலோடு உப்புநீரில் சுருங்கச் சுருங்க வெந்த சின்ன உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ளப் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்பு மோஹோ. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றி எலும்பு போட்டிருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போவதாக இருந்தால், நீச்சல் குளத்துக்கு வெந்நீர் வசதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று விடுதியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பெயினுக்கு வேண்டியது ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது). இந்தியாவிலிருந்து லண்டன் வழியாக மாறிப் போகிறவர்கள் பிரிட்டனின் இடைநிறுத்த விசா விதிகளையும் டிக்கெட் எடுக்கும்முன் பார்த்துவிட வேண்டும்.